தக்கையைப் பார்த்து மீனைச் சொல்

தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், அக்கா பிள்ளைகளைத் தூண்டிலோடு அழைத்துப் போவது என் வேலை. செல்போன் வீட்டில். மதகுப் பக்கம் யாரும் போகக் கூடாது. வாழைமரத்தடி ஈரமண்ணைக் கொத்தி மண்புழு எடுக்கும்போதே அருவருப்பு பாதி போய்விடும்.

பிறகு, தக்கையைப் பார்த்தே மீனைச் சொல்லப் பழகுவார்கள். கெண்டைக்குஞ்சு தக்கையைச் சும்மா துள்ளவைக்கும். விரால் கடித்தால் ஒரே இழுப்பு. கெளுத்தியைக் கழற்ற மட்டும் நான் வேண்டும். முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் முள். குத்தினால் கடுகடுவென்று வலிக்கும்.

சிவப்பாகக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால் தூண்டிலை எடுத்துவிட வேண்டும். கீழே விரால் காவல் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான்.

"அப்போ ஜிலேபியை மட்டும் ஏன் மாமா விடமாட்டேங்கிறீங்க?" என்றாள் சின்னவள்.

அது ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும், அதனால் மளமளவென்று பெருகி நம் மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும் என்றேன். இதையே பாடமாக நடத்தினால் தூங்கியிருப்பாள். வாய்க்குள் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டுமாம். புழுவை அவளே கோத்துக்கொண்டாள்.