பொறியியலுக்கான ஆங்கிலம் பள்ளியிலேயே தொடங்கட்டும்

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021இல் இயற்றியது. அம்மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் மீனவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால், கல்லூரிக்குள் நுழைந்ததும் அவர்களில் பலரைத் தடுத்து நிறுத்துவது கணிதமோ இயற்பியலோ அன்று, பாடநூலின் ஆங்கிலம்.

சரளமாக ஆங்கிலம் பேசப் பழக்கினால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். அது வேறு, பொறியியல் நூலின் ஆங்கிலம் வேறு. அங்கே மாணவரைக் குழப்புபவை அரிய கலைச்சொற்களைவிட, அறிமுகமான எளிய சொற்களே. 'ஸ்ட்ரெஸ்' என்றால் மன அழுத்தம் என்று அறிந்தவர், அது 'தகைவு' என்னும் பொருளில் வரும்போது தடுமாறுகிறார். 'மொமன்ட்' என்பது கணப்பொழுது அன்று, திருப்புத்திறன்.

அடுத்தது, சொற்றொடரின் அமைப்பு. 'பிரஷர் ரிலீஃப் வால்வு' என்பதைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பிரித்தறிய வேண்டும்: வால்வு, எதற்கு? விடுவிக்க; எதை? அழுத்தத்தை. 'அழுத்தம் வெளியேறும்வரை வால்வைத் திறக்காதீர்' எனத் தமிழில் நிபந்தனை முன்னே நிற்கும். ஆங்கில எச்சரிக்கைப் பலகையிலோ பெரும்பாலும் கட்டளை முதலில் வரும். நிபந்தனை 'அன்டில்' என்ற சொல்லைத் தொடர்ந்து பின்னால் வரும். அச்சொல்லைத் தவறவிட்டால் தேர்வறையில் மதிப்பெண் போகும். தொழிற்கூடத்தில் உயிரே போகலாம். 2023 டிசம்பரில் அமோனியாக் கசிவால் நள்ளிரவில் வீடுகளைவிட்டு வெளியேறிய எண்ணூர் மக்களுக்கு, ஆலைகளில் பாதுகாப்பு எத்தனை முக்கியம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. சிலி நாட்டில் ஈவர், லத்தோரே ஆகிய இருவரும் அறிவியல் எழுத்துகளில் அடிக்கடி பயிலும் தொடரமைப்புகளைத் திரட்டி, அவற்றின் அடிப்படையில் மாணவர்களுக்கான ஆங்கிலப் பாடநூலை 1969இல் வெளியிட்டனர். கதையும் கவிதையும் மட்டும் கொண்ட ஆங்கிலப் பாடம் அறிவியல் மாணவருக்குப் போதாது என்பதே அம்முயற்சியின் உட்பொருள்.

வடசென்னைக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை, 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அனல்மின் நிலையங்கள் ஆகியவற்றின் அருகே வளரும் பிள்ளைகளின் காதில் பேரிங், கியர், வால்வு, கிரேன் ஆகிய சொற்கள் ஏற்கெனவே விழுந்திருக்கின்றன. சொல் தெரியும், அதைக் கொண்டு எழுதப்பட்ட வாக்கியந்தான் புரிவதில்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் வாரம் இரு பாடவேளைகள் ஒதுக்கி, எச்சரிக்கைப் பலகை, இயந்திரக் கையேடு, வரைபடக் குறிப்பு ஆகியவற்றைப் படித்துத் தமிழில் விளக்கச் செய்யலாம். இப்பாடத்தை ஆங்கில ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் இணைந்து நடத்த வேண்டும்.

இது தமிழ்வழிக் கல்விக்கு எதிரானதா? இல்லை. கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழிலும் கற்பிக்கத் தொடங்கியது. தமிழில் தெளிந்த கருத்தே மாணவரின் முதலீடு. 'தகைவு' புரிந்தவருக்கு 'ஸ்ட்ரெஸ்' ஒரு புதிய பெயர் மட்டுமே. புரியாதவருக்கு இரண்டுமே வெற்றொலி.

ஓர் இடத்தை ஒதுக்கி, கட்டணத்தையும் செலுத்திவிட்டு, பாடநூலைப் படிக்கும் திறனைத் தராமல் விடுவது பொருளியல் நோக்கில் பாதியில் கைவிட்ட முதலீடு. அதன் இழப்பைச் சுமப்பது அரசின் கருவூலம் மட்டுமன்று. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி சென்ற அந்த மாணவருந்தான்.