முற்றத்தில் ஒரு வானவில்

இடம்பெயர்ந்த இடத்தில் பாடசாலை தூரமாக இருக்கலாம்; புத்தகங்கள் கிடைக்காதிருக்கலாம். ஆயினும் வெயிலும் ஒரு பேசின் தண்ணீரும் இருந்தால், ஒளியைப் பற்றிய முதற் பாடத்தை நாமே நமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

காலை வெயிலில் பேசினில் தண்ணீர் நிரப்பி, சட்டமிட்ட சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைச் சூரியனை நோக்கிச் சாய்த்து, பாதி அமிழ வைப்போம். தெறித்துவரும் ஒளிக்கு நேரே வெள்ளைத்தாளைப் பிடிப்போம். தண்ணீர் அசைவற்றிருக்கும்போது சிவப்பு முதல் ஊதா வரை நிறங்கள் விழும். சூரியனையோ, கண்ணாடியில் தெரியும் அதன் உருவையோ பிள்ளைகள் பார்க்க விடக்கூடாது.

தண்ணீர் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் வளைப்பதால் வெள்ளொளி பிரிகிறது. 1666ஆம் ஆண்டளவில் ஐசக் நியூற்றன் கண்ணாடி அரியத்தைக் கொண்டு கண்டதும் இதுவே. மழைத்துளியுள் நுழையும் ஒளியும் இவ்வாறே பிரிந்து, வந்த பக்கமே திரும்புகிறது. ஆகவே சூரியனுக்கு முதுகு காட்டி நின்றே வானவில்லைத் தேடவேண்டும்: காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. நண்பகலில் சூரியன் உயர நிற்பதால் அது தெரியாது.

நிறங்களின் பெயர்களை நாம் முந்திச் சொல்லாமல், “எத்தனை நிறம் தெரிகிறது?” என்று கேட்போம். படிப்புத் தடைப்பட்ட காலத்திலும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் பழக்கம் விட்டுப்போகாமல் காப்பது நமது பொறுப்பு.