விரல் அசைந்து முடிந்த பிறகு

கைகால்களைக் கட்டுப்படுத்தப் பழகும் குழந்தை, அசைவைத் தொடங்கத்தான் பழகுகிறது என்று நினைக்கத் தோன்றும். மூளை அலைகள் காட்டுவது வேறு: தாமதமாக முதிர்வது தொடக்கம் அல்ல, முடிப்பு. சும்மா இருக்கும்போது மூளையின் இயக்கப் புறணியில் நொடிக்கு 15 முதல் 30 முறை துடிக்கும் பீட்டா அலை ஓடிக்கொண்டிருக்கும். விரலை அசைக்கப் போகிறோம் என்றதும் அது தணியும். அசைவு நின்ற ஒரு நொடிக்குள் முன்பைவிட ஓங்கி எழும். இந்தத் தணிவை ஜாஸ்பரும் பென்ஃபீல்டும் 1949-இலேயே, அறுவை சிகிச்சையில் திறந்திருந்த மூளையின் மேற்பரப்பிலிருந்து நேரடியாகப் பதிவு செய்து காட்டிவிட்டார்கள். வயதோடு பெரிதாக மாறுவது பின்னால் வரும் எழுச்சி. 2010-இல் வெளியான காந்தவழி மூளைப்பதிவு ஆய்வு ஒன்று 4–6 வயதுக் குழந்தைகளையும் 11–13 வயதினரையும் பெரியவர்களையும் ஒப்பிட்டது. தணிவு சின்னஞ்சிறுவர்களிடமும் தெரிந்தது. எழுச்சியோ அவர்களிடம் மெலிந்திருந்து, வயது ஏற ஏற வலுத்தது.

இது கருவியின் கோளாறாக இருக்கக்கூடாதா? அந்தக் கருவிகளின் தலைக்கவசம் பொதுவாகப் பெரியவர் அளவில் செய்யப்படுகிறது. சிறிய தலை அதற்குள் ஆடும், உணரிகளிலிருந்து விலகும். அசையாமல் இரு என்றால் இருக்கிற நாலு வயதுக் குழந்தையும் அபூர்வம். நியாயமான சந்தேகம்தான். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் சிறுவர் தலைக்கென்றே செய்த கருவி இருக்கிறது. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட 17 குழந்தைகள் வீடியோ கேம் போன்ற ஒரு விளையாட்டில் விரலை அசைத்தார்கள். 15 பேரிடம் தெளிவான பதிவு கிடைத்தது. அசைவு தொடங்கும் கணத்தில் 70–80 ஹெர்ட்ஸ் காமா அலை பெரியவர்களிடம் போலவே பளிச்சென்று எழுந்தது. பீட்டாவோ வேறு நேரக்கணக்கில், அதைவிட மெதுவான மியூ அலையோடு ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கியது. பொதுவாக மங்கலாக இருக்கும் காமாவையே பிடித்துவிட்ட கருவி பீட்டாவில் மட்டும் ஏமாந்தது என்று வாதிடுவது கடினம்.

அப்படியானால் மெலிந்த எழுச்சி ஒரு குறைபாடா? அவசரப்பட வேண்டாம். பார்கின்சன் நோயில் மூளையின் அடித்தள முடிச்சுகளில் பீட்டா மிதமிஞ்சி நிற்கிறது, உடல் விறைக்கிறது. லெவோடோபா மருந்து கொடுத்தால் இரண்டும் குறைகின்றன. பீட்டா கூடுவதெல்லாம் நன்மை அல்ல. பெரியவர்களிடமும் குறி தவறிய அசைவுக்குப் பின் எழுச்சி குறைகிறது. ‘சரியாகச் செய்தேன், இதை மாற்ற வேண்டாம்’ என்று மூளை உறுதிப்படுத்தும்போதுதான் அது ஓங்குகிறது என்பது ஒரு விளக்கம். இதை ஏற்றால், இன்னும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய வயதில் எழுச்சி மெலிந்திருப்பது பொருத்தமாகவே படுகிறது. இது என் ஊகம், அளந்தறிந்த முடிவல்ல. ஆனால் வயதோடு வரும் இந்த வேறுபாட்டுக்கு மருத்துவத்தில் நேரடி விளைவு உண்டு: பெருமூளை வாதம் உள்ள ஐந்து வயதுக் குழந்தையின் பீட்டாப் பதிவைப் பெரியவரின் பதிவோடு வைத்துப் பார்த்தால், வயதின் இயல்பே நோயாகத் தெரியும்.