குறிஞ்சிப் பூவும் கருப்பொருளும்: சூழலியல் நோக்கில் ஓர் ஆய்வு

தொல்காப்பியர் வகுத்த திணைப் பாகுபாடே இக்காலச் சூழலியல் என்றும், அவரே அத்துறைக்கு முதலாசிரியர் என்றும் கூறும் வழக்கம் அண்மைக்கால ஆய்வேடுகளில் மிகுந்து காணப்படுகின்றது. கூற்று இனிமையானதே, ஆயினும், இரு துறைகளும் தத்தமக்கு எடுத்துக்கொண்ட வினாக்கள் யாவை என நோக்காது ஒன்றை மற்றொன்றாகக் கூறுதல் இரண்டிற்கும் இழுக்காகும். ஆதலின், சூழலியலின் அடிப்படைக் கருத்துகளை முதலில் விளக்கி, பின்னர்க் குறிஞ்சிச் செடி ஒன்றனையே சான்றாகக் கொண்டு ஒப்புநோக்குவாம்.

சூழலியல் என்னும் பொருளுடைய சொல்லைச் செருமானிய உயிர்நூலறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் ஆக்கினார். இல்லம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அது பிறந்தது. ஓர் உயிர் தான் வாழும் இல்லத்தோடும் அவ்வில்லத்திலுள்ள பிற உயிர்களோடும் கொள்ளும் உறவே இத்துறையின் ஆய்பொருள். மண், நீர், ஒளி, வெப்பம், காற்று ஆகிய உயிரில் பொருள்கள் ஒருபுறம். மரமும் புல்லும் விலங்கும் புள்ளும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிரும் மறுபுறம். இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் தகாது எனக் கருதிய ஆங்கில நாட்டுத் தாவரநூலறிஞர் ஆர்தர் டான்ஸ்லி, 1935இல் இரண்டையும் ஒரே அமைப்பாகக் கொண்டு பெயரிட்டார். அதனையே நாம் சூழல்மண்டலம் என்கிறோம். அதற்கு முன்னரே, 1927இல், சார்லஸ் எல்ட்டன் என்பார் உணவுச் சங்கிலியை விளக்கி, ஒரு விலங்கு எங்கு உறைகின்றது என்பதனோடு அமையாது, எதனை உண்கின்றது, எதற்கு உணவாகின்றது என்பதனைக் கொண்டும் அதன் இடத்தை அறிதல் வேண்டும் என்றார். உறைவிடம் வேறு, உயிர்க்கூட்டத்துள் ஓர் உயிர் வகிக்கும் நிலை வேறு என்னும் இவ்வேறுபாடு நமக்குப் பின்னர்ப் பயன்படும்.

இனித் தொல்காப்பியத்தை நோக்குவாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், புள், தொழில், பறை, யாழ், தெய்வம் முதலாயின கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலாயின உரிப்பொருள். நிலத்தையும் பொழுதையும் முதலாக வைத்து, அவற்றின்கண் தோன்றுவனவற்றைக் கருவாக வைத்த முறை, உயிரில் பொருள் உயிர்ப்பொருளைத் தாங்கும் என்னும் சூழலியல் நெறியோடு ஒத்திருத்தல் வெளிப்படை. ஆனால் ஒப்புமை அங்கே நின்றுவிடுகின்றது. பறையும் யாழும் தெய்வமும் எந்தச் சூழல்மண்டலத்தின் உறுப்புகளும் அல்ல. மக்களின் வழிபாட்டையும் இசையையும் தொழிலையும் மரத்தோடும் புள்ளோடும் ஒருங்கு வைத்தமை, இஃது இயற்கையின் பட்டியல் அன்று, பாட்டில் உரிப்பொருள் விளங்குதற்குரிய கருவிகளின் தொகை என்பதனைக் காட்டும். பின்வந்த நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக விரித்து, நீரையும் பூவையும் ஊரையும் தனித்தனியே எண்ணியது. அவ்விரிவும் இப்பயன் கருதியதே.

குறிஞ்சிக்கு வருவோம். நீலகிரி, ஆனைமலை, பழனிமலைப் பகுதிகளில் ஏறத்தாழ 1,300 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரை உயர்ந்த சரிவுகளில், சோலைக்காடுகளை அடுத்த புல்வெளிகளில் வளரும் புதர்ச்செடி இது. நீலக்குறிஞ்சி எனப்படும் இவ்வினம் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒரு முறை, ஒரு பகுதியிலுள்ள செடிகள் பெரும்பாலும் ஒருங்கே மலர, மலையையே நீலமாக்குகின்றது. 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளின் பெரும்பூப்பு யாவரும் அறிந்தது. ஒரு முறை பூத்துக் காய்த்து விதையுதிர்த்தபின் தாய்ச்செடி மடிந்துபோகும்.

இத்துணைக் காலம் காத்திருப்பது எற்றுக்கு? நெடுங்காலத்திற்கு ஒரு முறை பூக்கும் மூங்கிலைப் பற்றி டேனியல் ஜான்சன் 1976இல் கூறிய விளக்கம் இங்கும் பொருந்தும் எனக் கருதுவர். விதை ஆண்டுதோறும் கிடைப்பின், அதனை உண்ணும் எலியும் பறவையும் அதற்கேற்பப் பெருகும், விதை எஞ்சாது. பல்லாண்டு ஒன்றும் ஈயாதிருந்து, ஓர் ஆண்டில் அளவிறந்து சொரிந்தால், உண்பனவற்றின் வயிறு நிரம்பியபின்னும் விதை மிஞ்சும். இவ்வுத்தியில் தனித்து முன்னரோ பின்னரோ பூக்கும் செடி தோல்வியுறும். அதன் விதை முழுவதும் உணவாகிவிடும். உடன்பூக்கும் ஒழுங்கைக் காப்பது விதையுண்ணியின் பசியே எனலாம். தாய்ச்செடிகள் ஒருங்கே மடிதலும் இளநாற்றுக்கு ஒளியும் இடமும் தருகின்றது. உயிர்கள் சூழலுக்கு அடங்கி வாழ்வன மட்டும் அல்ல; ஒன்று மற்றொன்றன் வாழ்க்கைக் காலத்தையே வகுத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இங்கே இலக்கண ஆய்வாளர் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் ஆகும். கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும். நீலக்குறிஞ்சியோ ஆடித் திங்களில் தொடங்கிப் பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில் நிறைந்து மலர்கின்றது. அக்காலம் முல்லைக்குரிய கார் எனப்பட்டதன்றோ? திணைப் பெயர் பூவினின்று வந்ததாயினும், திணைக்குரிய பொழுது பூக்கும் பருவத்தினின்று வந்ததன்று. நள்ளிரவும் குளிரும் இரவுக்குறிக்கண் தலைவன் வரும் வழியின் அருமையைப் பெருக்கிக் காட்டும். அது கருதியே அப்பொழுது வகுக்கப்பட்டது என்பது எம் கருத்து. தொல்காப்பியரைச் சூழலியலாராகக் கொள்வோர் இவ்வொரு திங்கட் கணக்கினுக்கு விடை கூறுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் சங்கப் புலவர்க்குச் சூழலறிவு இல்லையோ எனின், மிக உண்டு. அதனை இலக்கண நூற்பாவினும் பாட்டிலேயே தேடுதல் தக்கது. தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை மூன்றாம் பாட்டில் தலைவி தன் காதலை நிலத்தினும் வானினும் நீரினும் மிக்கதாகக் கூறி, தலைவனது நாட்டை மலைச்சரிவில் குறிஞ்சிப் பூவினின்று தேன் திரளும் நாடாகக் குறிக்கின்றாள். சரிவு செடியைத் தாங்குகின்றது. செடி தேனீக்கு உணவூட்டுகின்றது. தேனீ பூந்தாது பரப்பி விதைக்கு வழிசெய்து, தேனையும் சேர்க்கின்றது. புலவர் பொருள்களை அடுக்காமல் அவற்றிடையேயுள்ள தொழிலைக் கூறினார். எல்ட்டன் கூறிய நிலை இதுவே. தினைப்புனத்துக் கிளி, கிழங்ககழும் பன்றி, மூங்கில் முறிக்கும் யானை, யானையோடு பொரும் புலி எனக் குறிஞ்சிப் பாட்டுகளில் வருவனவெல்லாம் ஒன்றையொன்று பற்றி நிற்கும் உணவு உறவுகளே.

இப்பாட்டிற்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை ஏற்றி, காதலின் அருமை அதனால் உணர்த்தப்பட்டது என உரைப்பாரும் உளர். பாட்டில் அத்தகைய எண்ணுக் குறிப்பு இல்லை. மேலும், மேற்குத்தொடர் மலையில் இச்செடியின் இனங்கள் பல. அவை பூக்கும் இடையீடும் இனத்திற்கு இனம் வேறுபடும். புலவர் கண்டது நீலக்குறிஞ்சியே என்பதற்கு நிறமோ ஆண்டோ பாட்டில் கூறப்படாமையின், துணிந்து கூறல் அரிது.

நில எல்லையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வருமாயின் வந்த நிலத்திற்கே உரியனவாகக் கொள்க எனத் தொல்காப்பியர் இடம் தந்தனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் எண்ணிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் தாமரையும் நெய்தலும் தாழையும் இருத்தல் இதனால் அமைவுடைத்தாகும். அப்பட்டியலை மலைத் தாவரக் கணக்கெடுப்பாகக் கொள்வார் இடர்ப்படுவர். இரு நிலம் கலக்கும் எல்லையில் இரண்டன் உயிர்களும் மிடைந்து வாழும் என்பது சூழலியலும் கூறும் உண்மையே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவழிப் பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதும், நிலம் என்றும் ஒரே தன்மையதன்று என்னும் கருத்தே.

அத்திரிபு குறிஞ்சி நிலத்தில் இன்று நம் கண்முன் நிகழ்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தேயிலையும், தைலமரமும், சீகை எனப்படும் அயல்நாட்டு வேலமரமும் மலைப் புல்வெளிகளைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. நிழல் மூடியவிடத்துக் குறிஞ்சி நாற்று வளராது. 2006இல் கேரள அரசு மூணாற்றை அடுத்த பகுதியைக் குறிஞ்சிமலைக் காப்பகமாக அறிவித்தது. கணக்குப் பிழையாதாயின் அடுத்த பெரும்பூப்பு 2030இல் நிகழும். குறுந்தொகைக்குப் புதிய உரை எழுதுவோர் அவ்வாண்டு ஆவணித் திங்களில் மலைக்குச் சென்று, எவ்வெவ் இனத்துக் குறிஞ்சியின் தண்டு கருநிறமுடையது, எதனைத் தேனீ மிகுதியும் நாடுகின்றது என்பனவற்றைத் தாவரநூலார் துணையோடு குறித்துவருவாராயின், மூன்றாம் பாட்டின் பூ யாது என்னும் ஐயம் ஓரளவு நீங்கக்கூடும்.