ஊரா, பிள்ளைகளா? ஒரு கேம் கேட்கும் கேள்வி

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் பதுளையிலுள்ள ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். "இவன் விடிய விடிய கொம்பியூட்டருக்கு முன்னாலதான். நீயாவது கொஞ்சம் சொல்லு தம்பி" என்றார். மருமகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். புத்தி சொல்லப் போன எனக்கு அறைக்குள் ஒரு சண்டை காத்திருந்தது. பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த அவனது வகுப்புத் தோழன், "நீ ஒரு ஊரையே கொன்னுட்டடா" என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

விளையாட்டின் பெயர் 'தி விட்சர் 3'. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்டது. (இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. அதற்கான காரணங்களும் அதில் தாராளமாக உண்டு. சின்னப் பிள்ளைகளின் கையில் இதைக் கொடுக்காதீர்கள்.) ஆர்பிஜி எனப்படும் இவ்வகை விளையாட்டுகளில் சுடுவதும் ஓடுவதும் மட்டும் வேலையல்ல. ஒரு பாத்திரத்தை ஏற்று, அவன் என்ன பேசுவான், யாருக்கு உதவுவான் என்று நாமே தீர்மானிக்க வேண்டும். கதை அதன்படி திரும்பும்.

சண்டைக்குக் காரணமான கட்டம் இதுதான். ஒரு சதுப்பு நிலத்தை மூன்று சூனியக் கிழவிகள் ஆளுகிறார்கள். அருகிலுள்ள ஊர் அவர்களுக்குக் கட்டுப்பட்டது. ஊர்த் தலைவர் தன் காதையே அறுத்துக் காணிக்கை கொடுக்கிறார். கிழவிகளின் பிடியில் சில அநாதைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு குன்றுக்குள் மரமொன்றில் ஓர் ஆவி சிறைப்பட்டிருக்கிறது. அதைக் கொல்லத்தான் நாயகனை அனுப்புகிறார்கள். ஆவியோ, "என்னை விடுவித்தால் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவேன்" என்கிறது. அது சொல்வது உண்மையா என்று அறிய வழியில்லை.

மருமகன் விடுவித்தான். ஆவி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் அந்த ஊர் மக்களை அது அழித்தது. அதோடு நிற்கவில்லை. வேறொரு குடும்பத்தில் ஒரு பெண் இறக்கிறாள், அவளுடைய கணவன் தூக்கில் தொங்குகிறான். ஆவியைக் கொன்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும், அந்தப் பெண்ணும் சித்தம் கலங்கியேனும் உயிரோடு இருந்திருப்பாள். பிள்ளைகள் போயிருப்பார்கள். எல்லோரையும் காப்பாற்றும் பொத்தான் அந்தத் திரையில் இல்லை.

"அந்த ஊர்க்காரனுங்க கிழவிகளுக்குத் துணை போனவனுங்கதானே" என்றான் மருமகன். தோழன் விடவில்லை. "கும்பிடலைன்னா அவங்க எங்க போறது மாமா? வேற இடம் யாரு குடுக்கிறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது ஊவாவில் வாழ்பவருக்கு விளங்கும். கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. "ஏன் போகவில்லை?" என்று தூரத்திலிருந்து கேட்பது இலகு. குடியிருக்கும் லயமும் தோட்டத்துடையது, வேலையும் தோட்டத்துடையது, போய் இருக்கச் சொந்தக் காணியில்லை. திரையில் மருமகன் கண்டது அடிபணிந்த ஒரு கூட்டத்தை. அவன் தோழன் கண்டது போக்கிடமில்லாத மனிதர்களை. ஒரே கட்டத்தை இரண்டு பேர் இவ்வளவு வித்தியாசமாகப் பார்க்க முடிகிறதென்றால், அதை வெறும் நேர விரயம் என்று நான் எப்படிச் சொல்வது?

பழைய விளையாட்டுகள் பல இந்த விஷயத்தைப் புள்ளிக் கணக்காக்கின. நல்லது செய்தால் கூடும், கெட்டது செய்தால் குறையும். 1985இல் வெளிவந்த ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4' அதிலும் கொஞ்சம் நுட்பமானது. மூலிகை விற்கும் பார்வையற்ற வியாபாரியிடம் எவ்வளவு காசு வைப்பது என்பதை நாமே சொல்ல வேண்டும். குறைத்து வைத்தால் யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் விளையாட்டு சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளும். முந்தைய ஆக்கங்களைப் பற்றிப் பெற்றோர் அனுப்பிய கடிதங்களே இப்படியொன்றைச் செய்யத் தன்னைத் தூண்டியதாக கேரியட் சொல்லியிருக்கிறார். அங்கே சரி எது என்பது தெரிந்ததுதான், அதைச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி. விட்சரில் சரி எது என்பதே தெரியாது.

விட்சர் கதைகளை எழுதிய அந்த்ரே சப்கோவ்ஸ்கியின் ஒரு சிறுகதைக்குப் பெயரே 'குறைந்த தீமை'. நமது பிக்ஹிலும் இரு தீங்குகளில் இலேசானதைத் தெரிவுசெய்வது பற்றிய விதி உண்டு. ஆனால் நிறுக்க வேண்டுமானால் இரண்டு தட்டிலும் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். மருமகனின் தட்டில் பிள்ளைகள் மட்டுமே தெரிந்தார்கள், ஊர் தெரியவில்லை. அவனுடைய நிய்யத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விசாரிக்காமல் அவசரப்பட்டானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

நான் அவனிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "திரும்பவும் பழைய இடத்திலிருந்து ஆடப் போகிறாயா?" சேமித்து வைத்த இடத்துக்குப் போய் முடிவை மாற்றலாம். ஆனால் முழு விளைவும் உடனே தெரிவதில்லை. கதையில் வெகுதூரம் போன பிறகுதான் தெரியும். பின்னால் போனால் இடையில் ஆடியதெல்லாம் வீண். முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மாற்றுபவன் எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை, விடைத்தாளைப் பார்த்து எழுதுகிறான். தோழன் சிரித்தான். "அவன் எப்பவும் அஞ்சு சேவ் வச்சிருப்பான் மாமா."

தேத்தண்ணியோடு வந்த ராத்தா, நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டு முறைத்தார். மருமகன் கதையைச் சொன்னான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "அந்தப் பிள்ளைகளைப் பார்க்க யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

"ஒரு பாட்டி இருக்காங்க உம்மா. அவங்கதான் அந்தச் செத்துப்போன பொம்பளை."

ராத்தா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்தார்.