பக்கவாதமும் நாலரை மணி நேரமும்

பாரிச வாயு என்றும் பக்கவாதம் என்றும் நம்மவர் வழங்கும் நோயைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றோம். வந்தபின் எண்ணெய் தேய்த்துப் பொறுத்திருப்பதன்றி இந்நோய்க்கு வேறு வழியில்லை என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முன்னொரு காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. 1996-ஆம் ஆண்டுக்குப் பின் அது உண்மையன்று. எனினும், அவ்வாண்டில் அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து இன்றும் எல்லா நாட்டாருக்கும் ஒருபடித்தாகக் கிடைப்பதில்லை. பின்லாந்தின் தலைநகரில் ஒருவர் மருத்துவமனை வாயிலைத் தாண்டிய இருபது நிமிடங்களில் அதைப் பெறக்கூடும். வேறு பல நாடுகளில் எத்தனை நாள் காத்திருந்தாலும் பெற இயலாது. சொந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வேறுபாட்டின் காரணங்களை அறிவது உயிர் காக்கும் செய்தியாகும்.

பக்கவாதம் இருவகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் உறைந்த கட்டி ஒன்று அடைத்துக்கொள்வது ஒருவகை. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொருவகை. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. அடைப்பு ஏற்பட்ட பெருங்குழாய் திறக்கப்படாவிடில், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ஆனால் அடைப்பைச் சூழ்ந்த பகுதி முழுவதும் உடனே அழிந்துவிடுவதில்லை. நீர் வற்றிவரும் வயலில் ஓரத்துப் பயிர் வாடியும் சாகாமலும் நிற்பதுபோல, ஒரு பகுதி சிறிது நேரம் தாக்குப்பிடிக்கிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து காப்பாற்றுவது இப்பகுதியைத்தான்.

அம்மருந்தின் பெயர் ஆல்டெப்ளேஸ். நம் குருதிக் குழாய்களின் உட்சுவரே இயற்கையாகச் சுரக்கும் ஒரு புரதத்தின் நகல் அது. இரத்தத்தில் செயலற்றுத் திரியும் வேறொரு பொருளைத் தூண்டி, உறைகட்டியைப் பிணைத்திருக்கும் நார்களை அரிக்கச் செய்கிறது. முதலில் 1987-இல் மாரடைப்புக்கு இது ஒப்புதல் பெற்றது. பக்கவாதத்தில் இதன் பயனை நிலைநாட்டிய அமெரிக்க ஆராய்ச்சி 1995 டிசம்பரில் வெளியாயிற்று. 624 நோயாளிகளிடம், நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் மருந்தைச் செலுத்திப் பார்த்தனர். மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ மிகச் சிறிய ஊனத்துடனோ தேறும் வாய்ப்பு, மருந்து பெற்றோருக்கு ஏனையோரைவிட 30 சதவீதமேனும் மிகுந்திருந்தது. 2008-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சி, மூன்று மணி என்னும் எல்லையை நாலரை மணியாக நீட்டியது.

இம்மருந்தில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் முறையன்று. 1995-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், மருந்து பெற்றோருள் 100-க்கு 6 பேருக்கு மேல் மூளையில் இரத்தக் கசிவு உண்டாகி நிலை மோசமாயிற்று. மருந்து பெறாதோரில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஏற்கெனவே குழாய் வெடித்தவருக்கு இதைக் கொடுத்தால் உயிருக்கே கேடு. வெளித்தோற்றத்தில் இரண்டு வகையும் ஒன்றுபோலவே காணும். கை சோர்வதும் வாய் கோணுவதும் இரண்டுக்கும் பொது. எவ்வளவு கைதேர்ந்த மருத்துவரானாலும் சி.டி. ஸ்கேன் படம் பாராமல் மருந்தைத் தொட மாட்டார். ஆகவே இச்சிகிச்சைக்கு மருந்து, ஸ்கேன் கருவி, படத்தைப் படித்துச் சொல்ல வல்லவர் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். அவை இரவு இரண்டு மணிக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இம்மூன்றும் தலைநகரில்கூட அரிதாகச் சேர்கின்றன.

மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மலிவான மருந்து இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். 1990-களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதைப் பக்கவாதத்தில் சோதித்தார்கள். கசிவும் சாவும் மிகுந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இதயத்துக்கு ஏற்றது மூளைக்கு ஏற்கவில்லை. விலையுயர்ந்த மருந்தையே நாட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. அமெரிக்காவில் 2005-க்கும் 2014-க்கும் இடையில் ஆல்டெப்ளேஸின் விலை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் பக்கவாதத்துக்கெனச் சேர்த்தது. பட்டியலில் ஏறியதனாலேயே கடைக்கு வந்துவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

செல்வ நாடுகளெல்லாம் ஒரே நிலையில் இருப்பதாகவும் கருதலாகாது. ஐரோப்பாவின் 44 நாடுகளைக் கணக்கெடுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடைப்பினால் பக்கவாதம் கண்டோருள் 100-க்கு 7 பேரே இச்சிகிச்சை பெற்றனர். முன்னணியில் நின்ற நாட்டில் 20 பேர். கடைசி வரிசையில் ஒருவருமில்லை. பணம் மட்டுமே இதற்குக் காரணமன்று என்பதற்கு ஹெல்சிங்கி நல்ல சான்று. 1998-இல் அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளி வந்து சேர்ந்ததிலிருந்து ஊசி போடும்வரை 105 நிமிடங்கள் கழிந்தன. 2011-இல் அது 20 நிமிடமாகக் குறைந்தது. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் வழியிலேயே தொலைபேசியில் நோயாளியின் விவரத்தைச் சொல்லிவிடுவர்; மருத்துவர் பழைய குறிப்புகளைப் பார்த்துக் காத்திருப்பார். நோயாளியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல், வந்த தள்ளுகட்டிலிலேயே நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுசெல்வர். படம் எடுத்த மேசையிலேயே ஊசி. இடையில் இருந்த வீண் காத்திருப்புகளை ஒவ்வொன்றாகக் களைந்ததே அவர்கள் செய்த வேலை. இதில் பெரும் பகுதிக்குச் செலவே இல்லை என்பது நம் கருத்து.

ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரத்து மருத்துவர்கள் வேறொரு வழி கண்டனர். நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுவருவதற்குப் பதில், 2008-இல் ஸ்கேன் கருவியையே வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாயிலுக்கு அனுப்பினர். பிரேசில் அரசு 2012-இல் சட்டதிட்டம் வகுத்துத் தன் பொது மருத்துவமனைகளில் இம்மருந்துக்குப் பணம் ஒதுக்கியது. சீனாவில் பொதுமக்களுக்குக் கற்பித்த முறை சுவையானது. அங்கு ஆம்புலன்ஸை அழைக்கும் எண் 120. ஒன்று என்றால் ஒரு முகத்தைப் பார், கோணியிருக்கிறதா என்று. இரண்டு என்றால் இரு கைகளையும் தூக்கச் சொல். சுழியத்துக்குரிய சீனச் சொல்லும் ‘செவிசாய்’ என்னும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. ஆதலின் மூன்றாவதாகப் பேச்சைக் கேள். எண்ணை நினைத்தவுடன் அறிகுறியும் நினைவுக்கு வந்துவிடும்.

இனி நம் நாடு. ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பக்கவாதம் காணும் இந்தியாவில், பெருநகரத்து மருத்துவமனைக்கும் மாவட்டத்துச் சிற்றூருக்கும் உள்ள தொலைவு, இரு வேறு நாடுகளுக்கு இடையிலுள்ள தொலைவை ஒக்கும். ஆயினும் மலைநாடாகிய இமாசலப் பிரதேசம் 2014-இல் ஒரு வழி காட்டியது. அங்கு நரம்பியல் வல்லுநர் சிம்லாவிலும் காங்ராவிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் மட்டுமே இருந்தனர். மாவட்ட மருத்துவமனைகளிலோ ஸ்கேன் கருவிகள் இருந்தன. பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஸ்கேன் படத்தைக் கைத்தொலைபேசியில் வல்லுநருக்கு அனுப்பி, அவர் சொற்படி ஊசி போடச் செய்தனர். மருந்தை மாநில அரசு இலவசமாக வழங்கியது. மலைப்பாதையில் பல மணி நேரம் நோயாளியைச் சுமப்பதைவிடப் படத்தை அனுப்புவது எளிதன்றோ! அஸ்ஸாமில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஸ்கேன் பொருத்திய வண்டியை ஓட்டி, ஏறத்தாழ 24 மணி நேரமாக இருந்த தாமதத்தை 2 மணி அளவுக்குக் குறைத்தது.

டெனெக்டெப்ளேஸ் என்னும் புதிய மருந்தும் வந்திருக்கிறது. ஆல்டெப்ளேஸை ஒரு மணி நேரம் சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். இதையோ ஒரே ஊசியில் செலுத்திவிடலாம். நம் நாட்டில் தயாராகும் இம்மருந்து பக்கவாதத்துக்கென இந்தியாவில் 2016-இலேயே ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் 2025 மார்ச்சில்தான் பெற்றது.

பிற மாநிலத்தில் வாழ்வோர்க்குச் சில தனித் தடைகள் உண்டு. மும்பையில் ஒருவருக்குக் கை விழுந்துவிட்டால், “ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம், அங்கே நல்ல வைத்தியர் இருக்கிறார்” என்று இரயிலேற்றுவாரைப் பார்க்கின்றோம். திருநெல்வேலி போய்ச் சேர ஓர் இரவும் ஒரு பகலும் போதா. மருந்துக்குரிய நேரமோ நாலரை மணி. அருகிலுள்ள சிறு நர்சிங் ஹோமில் ஸ்கேன் இல்லையெனில் அங்கு கழியும் ஒரு மணி நேரமும் வீணே. எந்த மருத்துவமனையில் இரவும் பகலும் ஸ்கேனும் இம்மருந்தும் உண்டு, நம் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பவற்றை நோய் வருமுன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது. அறிகுறியைக் கண்ட நேரமன்று அவர் கேட்பது. காலையில் எழும்போதே கை அசையாவிடில், முந்தைய இரவு படுக்கப்போன நேரத்தையே சொல்ல வேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவரா, அண்மையில் அறுவை நடந்ததா என்றும் கேட்பார். மொழி தெரியாமல் திகைக்க வேண்டா. ‘ஸ்ட்ரோக்’ என்றால் எந்த மருத்துவமனையிலும் புரியும். இந்தி பேசுவோரிடம் லக்வா என்றும், கன்னடத்தாரிடம் பார்ஶ்வவாயு என்றும், தெலுங்கரிடம் பக்ஷவாதம் என்றும், மலையாளிகளிடம் பக்ஷாகாதம் என்றும் சொன்னால் போதும். அவசர உதவிக்கு நாடெங்கும் 112. பல மாநிலங்களில் 108-உம் உண்டு. இவ்வெண்களையும், தெரிவு செய்த மருத்துவமனையின் பெயரையும், வீட்டுப் பெரியவர்கள் உண்ணும் மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் அவ்வூர் மொழியிலேயே எழுதச் செய்து, நாட்காட்டி தொங்கும் சுவரில் ஒட்டி வைக்கலாம்.