புளியங்கொட்டையின் பசை

தாயம் ஆடுவதற்காகப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் திண்ணைக் கல்லில் தேய்த்து வெண்மையாக்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வெள்ளைப் பருப்புக்குள் ஓர் அருமையான பசை அடங்கியிருக்கிறது. ஒடிசாவின் படசித்திர ஓவியர்கள் அப்பசையைச் சுண்ணப் பொடியுடன் கலந்து துணியில் பூசி, அதன்மேல் சித்திரம் தீட்டுகிறார்கள். ஓவியன் கையில் நெடுங்காலமாக இருந்துவரும் இப்பொருளை ஆராய்ச்சிக் கூடம் கவனித்தது பிற்காலத்தில்தான். 1940-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார், நூலுக்குக் கஞ்சியிட இது ஏற்றது என்று காட்டினர்.

இது என்ன பொருள்? கொதிக்கும் நீரில் மாவைக் கரைத்தால் கஞ்சி போலக் குழைகிறது. அயோடினுடன் சேர்ந்தால் நீலமும் பச்சையும் கலந்த நிறம் காட்டுகிறது. 'அரிசி மாவைப் போல இதுவும் ஸ்டார்ச்சுதானே!' என்று தோன்றும். அன்று, இதன் பெயர் ஸைலோகுளுக்கன்.

ஸ்டார்ச்சு, பருத்தி, புளியம்பசை ஆகிய மூன்றுக்கும் அடிப்படை குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரைதான். வேற்றுமை அவை கோக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஸ்டார்ச்சில் இணைப்பு ஆல்ஃபா வகை. அதனால் சங்கிலி சுருள்கிறது. பருத்தியின் செல்லுலோஸில் இணைப்பு பீட்டா வகை. சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் அடுக்கிய விறகைப் போல நெருங்கிப் படுத்துக்கொள்வதால் இடையே தண்ணீர் புக வழியில்லை. ஆகவேதான் நம் வேட்டி ஆற்றில் கரைவதில்லை!

புளியம்பசையின் முதுகெலும்பும் பருத்தியினுடையதே. ஆனால், ஏறத்தாழ நான்கு குளுக்கோஸுக்கு மூன்று வீதம், ஸைலோஸ் என்ற சர்க்கரை கிளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கிளைகள் சிலவற்றின் நுனியில் காலக்டோஸ் அமர்ந்திருக்கிறது. கிளையுள்ள விறகை நெருக்கி அடுக்க முடியுமா? சங்கிலிகள் விலகி நிற்கின்றன, இடைவெளியில் தண்ணீர் புகுகிறது, குழம்பு கெட்டியாகிறது. நொதியைக் கொண்டு காலக்டோஸில் ஒரு பகுதியை நீக்கிவிட்டால் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றி, சூடாக்கும்போது கூழ்மம் உறைந்துவிடுகிறது. பசையின் குணம் கிளைகளில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதுகெலும்பு ஒன்றாக இருப்பதால் இப்பசை பருத்தி நூலைப் பாசத்துடன் பற்றுகிறது. சர்க்கரைப் பாகுடன் சேர்ந்தால் புளிப்பின் உதவியின்றியே உறைகிறது. பழக்கூழ் செய்யப் பயன்படும் சாதாரணப் பெக்டினுக்கோ புளிப்பு இன்றியமையாதது. புளியின் விதைக்குப் புளிப்பு வேண்டாம் என்பது வேடிக்கைதான்!

மரத்திற்கு இது சேமிப்பு உணவு. விதை முளைக்கும்போது சிதைந்து சர்க்கரையாகிறது. நமது சீரண நீர்களால் இதனைச் சிதைக்க இயலாது. ஆயினும் நமது குடலில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு அத்திறமை உண்டு. அதற்கான ஜீன் தொகுதியை விஞ்ஞானிகள் 2014-இல் விளக்கிக் காட்டினர்.

நூலுக்குக் கஞ்சியிட ஸ்டார்ச்சு எடுப்பது பெரும்பாலும் உணவுத் தானியத்திலிருந்தும் கிழங்கிலிருந்தும். புளியங்கொட்டையோ புளி எடுத்தபின் எஞ்சுவது. அதனைப் பயன்படுத்தும் அளவுக்கு ஒருவர் உணவு மிஞ்சுகிறது. இனி விடுதியில் ரசம் வைக்கும் நாளில், அடுக்களைக் குப்பையில் விழும் கொட்டையைச் சற்று மரியாதையுடன் பாருங்கள்!